இறக்கை மடக்கிய விமானத்துக்குள் நான்

தங்கள் கைவேலையை நாலு பேர் பார்க்க வரும்போது ஒதுங்கி நிற்பவர்கள் புத்திசாலிகள். நான் அந்த ரகம் இல்லை என்பதை ஹெப்பகோடி பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில், கூட்டம் கூடிய நேரமாகப் பார்த்து நிரூபித்தேன்.

பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் கார் சீட்டுக்கு உறை தைப்பது என் வேலை. அங்கே இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற கௌடா சார், நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழங்காலக் குட்டி விமானத்தைப் பார்வைக்கு வைக்கத் தயார் செய்துகொண்டிருந்தார். அதற்கு முந்தைய விமானங்களில் விமானி தலையை வெளியே நீட்டிக்கொண்டு காற்றிலும் மழையிலும் பறப்பாராம். இதிலோ கார் மாதிரி கூரை, கண்ணாடி, இரண்டு பக்கமும் கதவு, அடுத்தடுத்து இரண்டு சீட்டு. இறக்கை கூரைக்கு மேலே. அதைப் பின்பக்கமாக மடக்கி வீட்டு ஷெட்டிலேயே நிறுத்திவிடலாம். உள்ளே மரச்சட்டம், மேலே துணி. அந்தத் துணியைத் தைத்தவள் நான். (ஏரோப்ளேனுக்கே ஜாக்கெட் தைத்தவள் என்று நாங்கள் குடியிருக்கும் பொம்மனஹள்ளியில் நான் சொல்லாத வீடு இல்லை.)

மைதானத்தில் அதன் திறப்பு விழா அன்று பட்டுப்புடவையோடு உள்ளே ஏறி உட்கார்ந்து, "என்னங்க, ஒரு போட்டோ எடுங்க" என்றேன். என் கணவர் கோணம் பார்த்து முடிப்பதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். உற்சாகத்தில் கௌடா சார் இறக்கைகளை மடக்கிக் காட்டினார். இறக்கையைத் தாங்கும் கம்பிகளும் கூடவே மடங்கி, இரண்டு கதவுகளையும் அடைத்துக்கொண்டன. திரும்ப விரிக்கப் போனால் கொண்டி இறுகிவிட்டது.

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார் கௌடா சார். "உள்ள யாரும்மா?"

"நான்தான் சார், மல்லிகா."

"பயப்படாதம்மா. துணிய கிழிச்சு வெளிய எடுத்துடலாம்."

"என் தையல்ல யாராவது கத்தி வெச்சீங்க, கைய ஒடிச்சிடுவேன்!"

விருந்தினர் கண்ணாடி வழியே குனிந்தார். "துணி இவ்ளோ வெறப்பா எப்படிம்மா நிக்குது?"

"தைச்சு மாட்டி, மேல பூச்சு அடிப்போம் சார். காயக் காய மேளத் தோலாட்டம் இறுகிடும்."

அவர் கைதட்டினார். உள்ளே நான் மகாராணி.

ஆனால் வெயிலுக்குப் பயந்து காலையில் குடித்த மோருக்கு என் பெருமை எங்கே தெரியும்?

"கொண்டிக்கு எண்ணெய் விட்டிருக்காங்க. இன்னும் அரை மணி நேரம் பொறுத்துக்கோ" என்றார் கணவர்.

"அரை மணியா!"

இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்கிய குட்டிக் கத்தரிக்கோலை எடுத்தேன். சீட்டுக்குப் பின்னால் ஊர்ந்து போய், அடிப்பக்கத் தையலை நானே பிரித்தேன். (லேசில் பிரியவில்லை. அந்த நிலைமையிலும் எனக்கு அதில் ஒரு பெருமை.) புடவையைச் சுருட்டிக்கொண்டு, விமானத்தின் வயிற்றிலிருந்து தலைகீழாக வெளியே வந்து விழுந்தேன்.

முன்வரிசையில் ஒரு குழந்தை கத்தியது: "அம்மா, ஏரோப்ளேன் குட்டி போட்டுருச்சு!"

நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாத்ரூம் இருந்த திசையில் ஓடினேன்.

மறுவாரமே போய் அந்த இடத்தைத் தைத்துக் கொடுத்தேன். பார்க்க வருகிறவர்களைக் கௌடா சார் குனிய வைத்து, பிரிந்த இடம் எது என்று தேடச் சொல்கிறாராம். இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

வீட்டில்தான் விட்டபாடில்லை. போன மாதம் நாத்தனார் மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டாரிடம் என் கணவர் என்னை அறிமுகப்படுத்தினார்:

"இவ என் சம்சாரம் மல்லிகா. அம்மா வீடு கிருஷ்ணகிரி. பெத்தது ஒரு ஏரோப்ளேன்."