சர்டிபிகேட் அண்ணாச்சியின் சொல்யூஷன்

பிள்ளைகளே, மும்பை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் சர்டிபிகேட் அண்ணாச்சி மாதிரி இன்னொருவர் கிடைக்க மாட்டார். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். நான் அங்கே தையல்காரன். முத்திரை குத்திய காகிதம் எது கிடைத்தாலும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார். தடுப்பூசி போட்டதற்கு ஒன்று, மகள் எலுமிச்சை ஓட்டத்தில் மூன்றாவதாக வந்ததற்கு ஒன்று.

ஒருநாள், காற்றையும் தண்ணீரையும் கெடுக்காமல் தொழில் செய்பவர்களுக்கு ஒரு நிறுவனம் பச்சைச் சான்றிதழ் தருவதாகக் கேள்விப்பட்டார்.

"சர்க்கார் கட்டாயமா அண்ணாச்சி?" என்றேன்.

"இல்லல. நாமளாப் போய்க் கேட்டாத்தான் குடுப்பாவளாம். கேக்காம விடுவனா?"

சோதிக்க அந்த நிறுவனத்தின் சார்பில் மாட்டுங்காவிலிருந்து ஓர் அம்மா வந்தார். பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"காத்து கெடாம இருக்க உங்க சொல்யூஷன் என்ன?"

பட்டறையில் சொல்யூஷன் என்றால் தோல் ஒட்டும் பசை. அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. டப்பாவைத் திறந்து அந்த அம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"அசல் சரக்கு மேடம்! மோந்து பாருங்க!"

அந்த அம்மா இருமிக்கொண்டே வெளியே ஓடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நாள் முழுக்க இத யாரு மோந்துண்டிருக்கா?"

பசை தடவும் ஆரோக்கியம் அக்கா கையைத் தூக்கினார்.

"நான்தான் மேடம். மத்தியானம் ஆனா தலை ரெண்டாப் பொளக்கும். அண்ணாச்சிட்ட சொன்னா, சாய் குடின்னு சொல்லுவாவ."

அண்ணாச்சி டப்பாவை இறுக மூடினார். மூன்று மாதத்தில் பசையை மாற்றிக் காட்டச் சொல்லிவிட்டு அந்த அம்மா போனார்.

மறுவாரமே, மருந்து வாடைக்குப் பதில் தண்ணீர் சேர்த்துச் செய்த புதுப் பசை வந்தது. வாடை இல்லை. ஆனால் வார் கழன்றது, கைப்பிடி கழன்றது.

"வாடையும் இல்ல அண்ணாச்சி, பையும் இல்ல" என்றார் அக்கா.

அண்ணாச்சி விடவில்லை. உப்புத்தாளால் தோலைத் தேய்த்தார். பசையை மெல்லிசாக இரண்டு முறை பூசினார். இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினார். கடைசியில், ஒட்டிய பையின் மேல் தாமே ஏறி உட்கார்ந்தார்.

"எந்திரிக்காதீய! இன்னும் பத்து நிமிசம்!" என்று அக்கா அதட்டுவார். முதலாளி அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒட்டியது!

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். பசை சரி என்றார். ஆனால் தோல் எங்கே பதனிட்டது என்பதற்குக் காகிதம் இல்லை. சான்றிதழ் கிடைக்கவில்லை.

பழைய பசை சீக்கிரம் காயும், வேலையும் சுருக்காக முடியும். "பழைய டப்பாவ எடுக்கட்டுமா அண்ணாச்சி?" என்றேன்.

"ஏம்ல, எனக்கு சர்டிபிகேட் வரலன்னா அவளுக்குத் தலைவலி வரணுமா?"

அதன்பிறகு மத்தியானங்களில் ஆரோக்கியம் அக்கா கோயில் பாட்டுப் பாட ஆரம்பித்தார். சுதியும் சேராது, தாளமும் சேராது. நாங்கள் காதைப் பொத்துவோம். அண்ணாச்சியோ எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்பார். அப்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.