மாவுக்கட்டுக்கு ஒரு சட்டை

மாவுக்கட்டு முழங்கை வரை இருந்தது. டி-ஷர்ட்டின் கைமுனை அதில் பாதி அகலம்கூட இல்லை. கிட்டுசாமி மூச்சைப் பிடித்து இழுத்தார். தையல் பிரியும் சத்தம்தான் கேட்டது.

அருள்புரத்தில் பனியன் கம்பெனி தொடங்கிய நாள் முதல், சரக்கு வாங்கும் பையர் வரும் நாளில் கிட்டுசாமி தன் சரக்கைத்தான் உடுத்துவார். நாளை மறுநாள் சென்னை பையிங் ஆபீசிலிருந்து, பையர் சார்பில் சரக்கைப் பார்க்க அருள்செல்வன் வருகிறார். இந்த ஆர்டரும் போனால் ஒரு தையல் லைனை மூட வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்துத்தான் பெருக்குகிற வேலாத்தாள் லீவு போட்டிருந்தாள். கட்டிங் டேபிளடியில் கிடந்த வேஸ்ட் துணி வழுக்கிவிட, கிட்டுசாமியின் வலது மணிக்கட்டு எலும்பு உடைந்தது.

கட்டுப் போட்ட டாக்டர் சித்ரகலாவிடமே திரும்ப ஓடினார்.

"இதைப் பிரிச்சுட்டு, ஆபரேஷன் பண்ணி உள்ளயே பிளேட்டு வெச்சுடுங்க. கட்டோட நின்னா, கம்பெனியே ஒடைஞ்சு கெடக்குன்னு பையர் நெனைப்பாருங்க."

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "எலும்பு நகரலைங்க. நகந்திருந்தா நானே கத்தியெடுத்திருப்பேன். பிளேட்டு வெச்சா கையச் சீக்கிரம் அசைக்கலாம், நெசந்தான். ஆனா உங்க வயசுக்கு, வருசம் போனா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காதுங்க. ஆபரேஷன் பண்ணாலும் பையர் முன்னால துணிக்கட்டோடதான் நிப்பீங்க."

"நல்ல பிளேட்டாப் போடுங்க. செலவப் பாக்காதீங்க."

"ஓட்டையில்லாத பனியனுக்கு ஒட்டுப் போடுவீங்களா?"

கிட்டுசாமி எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு எழுந்தார். வலிய வந்த ஆபரேஷனைத் திருப்பி அனுப்பும் டாக்டரை அன்றுதான் பார்த்தார்.

சாம்பிள் தைக்கும் பிரிவு மனைவி ராமாத்தாளின் பொறுப்பு. அவர் சட்டையை வாங்கினார்; அதன் வலது கையைத் தோள் வரை நீளமாகப் பிரித்தார். குழந்தை உடுப்பு ஆர்டரில் மீந்த, அமுக்கினால் மாட்டிக்கொள்ளும் டிச் பட்டன்களை வரிசையாக வைத்தார்.

"இப்பப் போடுங்க. கையப் பின்னால வெச்சுக்குங்க."

அருள்செல்வன் வந்ததும் கை நீட்டினார். கிட்டுசாமி பதறி இடது கையைக் கொடுத்தார். முழங்கை இடித்து சாம்பிள் அடுக்கு சரிந்தது. பிடிக்கப் பாய்ந்தார். பட்டன்கள் படபடவென்று தெறித்துத் திறந்தன. சட்டைக்கை தோளிலிருந்து கொடி போலத் தொங்கியது. மாவுக்கட்டு பளீரென்று வெளியே வந்தது.

ஆர்டர் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"இதை யார் தைச்சது?" என்றார் அருள்செல்வன்.

"நாந்தானுங்க," என்றார் ராமாத்தாள். ஒரே கையால் பட்டன்களை அமுக்கிக் காட்டினார். "ஒத்தக் கையிலயே மாட்டிக்கலாமுங்க."

"எங்க பையர் ஆஸ்பத்திரிகளுக்கு சப்ளை பண்றவர். இப்படி ஒண்ணைத்தான் தேடிட்டிருக்கார்."

சாம்பிள்கள் போயின, திரும்பி வந்தன, மறுபடி போயின. அதற்குள் கட்டுப் பிரிக்கும் நாளும் வந்தது. மணிக்கட்டு கோணலில்லாமல் கூடியிருந்தது. டாக்டரம்மாவின் கண்ணையும் ராமாத்தாளின் கையையும் கம்பெனி முழுக்கப் புகழ்ந்து திரிந்தார் கிட்டுசாமி.

மறுநாள் அருள்செல்வன் போன் செய்தார்.

"ஆர்டர் உங்களுக்குத்தான் சார். ஒரே ஒரு விஷயம். அடுத்த வாரம் பையரே நேர்ல வர்றார். கட்டுப் போட்ட ஆளுக்கு மாட்டிப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவாராம். அதான் நீங்க இருக்கீங்களே."

கிட்டுசாமி குணமான தன் கையைப் பார்த்தார். ராமாத்தாள் டெய்லர்களைப் பார்த்தார். டெய்லர்கள் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

கட்டிங் டேபிளடியில் விளக்குமாறு நின்றது.

"ஏனுங்க மொதலாளி," என்றாள் வேலாத்தாள், "இந்த வேஸ்ட்டக் கூட்டறதுங்களா, இல்ல கெடக்கட்டுமுங்களா?"