ஒரு கடைவாய்ப் பல்லும் ஐந்து துறைகளும்

பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் அது யாருடைய பல் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது.

குழந்தைவேலுவைக் கேட்டிருந்தால் தன்னுடையது என்றுதான் சொல்லியிருப்பான். ஆனால் அவன் வாயில் ஒரு கண்ணாடியும் ஒரு கொக்கியும் யாரோ ஒருவருடைய விரலும் இருந்தன. மூன்று டாக்டர்கள் அவன் தலைக்கு மேல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வேர்ல இன்னும் உயிர் இருக்கு. நரம்பை எடுத்துட்டு அடைச்சா பல்லு நிக்கும். இது எங்க கேஸ்” என்றார் ஒல்லி டாக்டர்.

“பல்லு சும்மா இருக்கு சார். ஈறுதான் அழுகிக் கிடக்கு. இது எங்க கேஸ்” என்றார் கண்ணாடி போட்டவர்.

மூன்றாமவருக்குக் கை மட்டும் தேங்காய் உரிப்பவன் கை மாதிரி இருந்தது. “பிடுங்க வேண்டிய பல்லைப் பிடிச்சுக்கிட்டு ஏன்யா பேசறீங்க? பிடுங்கறதுன்னா அறுவை. அறுவைன்னா நான்” என்றார்.

அந்தக் கையைப் பார்த்ததும் குழந்தைவேலுவுக்கு உயிர் வந்தது. விரலைக் கடிக்காமல் எப்படியோ சொன்னான்: “அவருக்கே குடுத்துருங்க சாமி.”

யாரும் காதில் வாங்கவில்லை. நோயாளிக்கு அதில் கருத்துச் சொல்ல இடமில்லை.

குழந்தைவேலு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஹெல்பர். மறுநாள் விடியக்காலையில் வண்டி திருச்செங்கோட்டிலிருந்து மத்தியப் பிரதேசம் கிளம்புகிறது. போனால் மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்பும். ஒரு வாரமாகக் கீழ்க்கடைவாய்ப் பல் வலி. கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிவிட்டது. ரிக் ஓனர் நாச்சிமுத்து முந்தின நாள் அவன் மூஞ்சியைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “நாளானைக்கி இந்தப் பல்லோட வந்தீன்னா கீழ எறக்கி உட்டுட்டுப் போயிருவேன். பாறையக் கொடையறப்ப எவன் உனக்கு ஒத்தடம் குடுக்கறது?”

அவர் சொன்னால் செய்கிற ஆள். போன வருஷம் கண்வலி என்று நின்ற ஆண்டி இன்னும் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறான். அவன் இடத்தில் ஏறியவன் இறங்கவில்லை.

நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் பல் டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார். அன்று செவ்வாய். அப்போதுதான் புதிதாகத் திறந்த பல் காலேஜின் லாரி அவன் ஊரான மோகனூருக்கு ஆள் ஏற்ற வந்தது. ‘இலவச வைத்தியம், மத்தியானச் சோறு’ என்று மைக்கில் சொன்னார்கள். சேலத்தில் ஒரு கட்சிக்கூட்டம். ஊரில் பாதி அங்கே போய்விட்டது, அங்கே பிரியாணி. பல் காலேஜ் லாரியில் ஏறியவர்கள் குழந்தைவேலுவும், பல்லே இல்லாத நாலைந்து கிழடுகளும்தான்.

அதனால்தான் இந்தச் சண்டை. காலேஜ் முழுக்க வலியோடு இருந்த உருப்படியான பல் அது ஒன்றுதான்.

சண்டையைத் தீர்க்க மேனேஜர் வேலுமணி ஓடி வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“ஏனுங்க டாக்டருங்களா, ஆபீசருங்க வார நேரத்துல இப்பிடி அடிச்சுக்கிட்டா எப்பிடிங்க? இவனை எல்லாரும் வெச்சுக்கலாம். வரிசையா.”

“அதெப்படி முடியும்? ஒருத்தர் எல்லைக்குள்ள இன்னொருத்தர் வரக்கூடாது. அதுதானே விதி” என்றார் ஒல்லி.

“விதியெல்லாம் மீறலீங்க. பல்லு நகராது. ஆளு நகருவான்.”

குழந்தைவேலு நாற்காலியிலிருந்து இறங்கி மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டான். “மேனேஜருங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. புடுங்கி உட்டா நாம்பாட்டுக்குப் போயிருவனுங்க.”

“புடுங்குவாங்கப்பா. பொறு. டெல்லில இருந்து கவுன்சில் ஆபீசரு வாராரு. அஞ்சு மேல்படிப்புக்கு அங்கீகாரம் கேட்டிருக்கறம். வேருக்கு ஒண்ணு, ஈறுக்கு ஒண்ணு, கட்டுப்பல்லுக்கு ஒண்ணு, கோணப்பல்லுக்கு ஒண்ணு, அறுவைக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் எல்லை போட்டு, தனி வாத்தியாரு, தனி நாற்காலி, தனி நோயாளின்னு காட்டோணும். அப்பத்தான் அது தனித்துறைன்னு ஒத்துக்குவாங்க.”

“அப்ப வலிக்கு யாருங்க?”

வேலுமணி ஐந்தையும் மறுபடி விரல்விட்டு எண்ணினார். “வலிக்குன்னு தனித்துறை கெடையாதுப்பா” என்றார்.

குழந்தைவேலுவுக்கு அது ஒன்றும் விளங்காத விஷயமில்லை. ரிக்கிலும் அப்படித்தான். ட்ரில்லர் கம்ப்ரசரைத் தொடமாட்டான். கம்ப்ரசர்க்காரன் பைப்பைத் தூக்கமாட்டான். டிரைவர் கீழேயே இறங்கமாட்டான். ஆனால் எல்லாரும் ஒரே குழிக்குத்தான் வேலை செய்வார்கள். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான்.

“ஆபீசரு காரு கேட்டைத் தாண்டுன ஒடனே பல்லு உன் கையில. என்னை நம்பு” என்றார் வேலுமணி.

நம்பினான். வேறு வழியில்லாதவன் சீக்கிரம் நம்பிவிடுவான்.

முதலில் வேர்த் துறை. ஆபீசர் உள்ளே வந்தார். கோட்டு, தங்க ஃபிரேம் கண்ணாடி, வாசனை. பின்னாலேயே காலேஜ் சேர்மன், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. ஒல்லி டாக்டர் மெஷினை இயக்கினார். பல்லுக்குள் துளை இறங்கியது. குழந்தைவேலு எத்தனையோ பாறையில் துளை போடுவதைப் பார்த்திருக்கிறான். பாறைக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆபீசர் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இந்தக் குழாயில தண்ணி வருதா?” என்று கேட்டார்.

“வருதுங்க.”

“ஃபேன் சுத்துதா?”

“சுத்துதுங்க.”

ஆபீசர் திருப்தியாகத் தலையாட்டினார். டெல்லியில் இப்படித்தான் பரீட்சை வைப்பார்கள் போல என்று குழந்தைவேலு நினைத்தான். ஆபீசர் வெளியே போனதும் ஒல்லி டாக்டர் துளையில் பஞ்சை அடைத்தார். “மிச்சம் அப்புறம்” என்றார்.

வலி முன்பு கன்னத்தில் இருந்தது. இப்போது காதுக்குக் குடியேறியது.

வேலுமணி அவன் சட்டையைக் கழற்றி, வேறொரு நீலச் சட்டையை மாட்டி, பின்பக்க வராண்டா வழியாக இழுத்துக்கொண்டு ஓடினார். வராண்டாவில் குலையோடு வெட்டிய வாழை மரங்களை ஈரச்சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

“இதையெல்லாம் வாசல்ல கட்டலீங்களா?” என்று ஓடிக்கொண்டே கேட்டான்.

“அத நாங்க பாத்துக்கறம். நீ வாயப் பாரு.”

ஈறுத் துறையில் கண்ணாடி டாக்டர் காத்திருந்தார். ஆபீசர் வந்ததும் ஈறைக் கத்தியால் கீறினார். ரத்தமும் சீழும் வந்தன. டாக்டர் அதைப் பெருமையாகக் காட்டினார்.

“உன் பேர் என்னப்பா?” என்று கேட்டார் ஆபீசர்.

“குழந்தை…”

வேலுமணி பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினார்.

“ஆண்டிங்க” என்றான் குழந்தைவேலு. அவசரத்துக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை.

ஆண்டியின் பெயரைப் போட்டுக்கொண்டால் ஆண்டியின் கதியும் சேர்ந்து வருமோ என்று பயந்தான். துப்பினான். ரத்தமாக இருந்தது.

கட்டுப்பல் துறையில் பச்சைச் சட்டை. அங்கே ஒரு அம்மா டாக்டர். ஸ்பேனர் பட்டு எப்போதோ போன முன்பல் இடத்துக்கு அளவெடுப்பதாகச் சொல்லி, ஒரு தகரத் தட்டில் மாவு மாதிரி எதையோ குழைத்து வாயில் வைத்து அழுத்தினார். அது இறுகியது. எடுக்கப் பார்த்தால் வரவில்லை. ஆபீசர் முன்னால் வெட்கமாகிவிட்டது. அம்மா டாக்டர் ஒரு முழங்காலை நாற்காலியில் ஊன்றி இழுத்தார். தட்டு வந்தது. கூடவே கடைவாய்ப் பல் ‘நறுக்’கென்றது.

“வந்துருச்சுங்களா?” குழந்தைவேலு கண்ணில் நீரோடு கேட்டான். சந்தோஷத்தில்.

“இல்ல. ஆடுது.”

“அப்பிடியே ஒரு இழு இழுத்துருங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“ஐயையோ, என் துறைல பல்லு வைக்கத்தான் செய்யலாம். எடுக்கக் கூடாது.”

அவன் நாக்கால் பல்லைத் தள்ளிப் பார்த்தான். ஆடியது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் தானே விழுந்துவிடும். டாக்டரே வேண்டாம். வராண்டாவில் ஓடும்போதே நாக்கால் தள்ளிக்கொண்டு ஓடினான். அந்த நாளில் அவனுக்கு நல்ல காலம் என்று ஒன்று இருந்திருந்தால் அது அந்த வராண்டாதான்.

கோணப்பல் துறையில் அதுவும் போயிற்று. அங்கே இருந்த இளம் டாக்டர் வாயைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

“இவருக்குக் கோணப்பல்லே இல்லையே! என்ன காட்டறது நான்?”

“ஆடற பல்லு இருக்குதுங்களே. அதை நேரா நிறுத்துங்க” என்றார் வேலுமணி.

“வேண்டாமுங்க, அது விழுகட்டும்…” குழந்தைவேலு கத்தினான். வாயில் ரப்பர் தடுப்பு வைத்துவிட்டார்கள்.

இளம் டாக்டர் சுத்தமான வேலைக்காரர். ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பல்லோடு எஃகுக் கம்பியால் சுற்றி, முறுக்கி, நுனியை மடக்கி விட்டார். சேர்மனே குனிந்து பார்த்து, “லாரிப் பாரத்துக்குக் கயிறு கட்டுன மாதிரி இருக்குது!” என்று பாராட்டினார்.

பல் இப்போது அசையவில்லை. துளை போட்டு, சுற்றிலும் கீறி, உலுக்கி, கட்டி வைத்த பல். வலி தலை முழுக்கச் சுற்றி வந்தது. ஆனாலும் குழந்தைவேலு அழவில்லை. மிச்சம் அறுவைத் துறை ஒன்றுதான். அங்கே அந்தத் தேங்காய்க் கை இருந்தது.

தேங்காய்க் கை டாக்டர் ஊசி போட்டு, பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்து, கம்பியை வெட்டப் போனார். குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டான். ரிக் வண்டியின் ஹாரன் கேட்கிற மாதிரி இருந்தது.

“இது இருக்கட்டும் டாக்டர்” என்றார் சேர்மன்.

“ஏன் சார்?”

“எடுத்துட்டா அப்புறம் காட்டறதுக்கு என்ன இருக்குது?”

“ஆமாமா, எடுத்த மாதிரியே வெச்சுக்கலாம்” என்றார் ஆபீசர். “எனக்கும் நேரமாச்சு.”

குழந்தைவேலு குறட்டைப் பிடித்துக்கொண்டான். குறடு ஒரு கையில், டாக்டரின் கோட்டு இன்னொரு கையில். “சாமி, ஒரே இழுப்புங்க. ஊசிகூடப் போட்டாச்சுங்க. நான் ரிக்குக்குப் போகோணுமுங்க!” நாக்கு மரத்திருந்ததால் அது வேறு ஏதோ பாஷையாக வெளியே வந்தது. வேலுமணியும் வாட்ச்மேனும் சேர்ந்து விரல் விரலாகப் பிரித்தெடுத்தார்கள்.

முற்றத்தில் ஆபீசருக்குச் சால்வை போட்டார்கள். ஐந்து துறைகளும் எல்லை மீறாமல் நடப்பதைக் கண்டு தான் பெருமைப்படுவதாக அவர் பேசினார். கைதட்டினார்கள். கிழடுகள் சோறு எப்போது என்று கேட்டார்கள். கார் கேட்டைத் தாண்டியது.

குழந்தைவேலு அறுவைத் துறைக்கு ஓடினான். பூட்டு. வேர்த் துறை, பூட்டு. டாக்டர்களின் வேன் சேலம் ரோட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மேனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது. மேனேஜர் இல்லை.

ஊசியின் மரப்பு இறங்க ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக வலி திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. கூடவே இன்னும் மூன்று இடங்களிலும்.

சுவரைப் பிடித்தபடி கேண்டீனுக்குள் போனான். சமையல்காரி மயிலம்மாள் மலை மாதிரிக் குவித்து வைத்த வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் வேட்டியும் பனியனுமாக ஒருவர் டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். கோட்டு ஆணியில் தொங்கியது. தங்க ஃபிரேம் கண்ணாடி மேஜைமேல் கிடந்தது.

ஆபீசர்.

எதையோ மறந்து திரும்பி வந்திருக்கிறார், கடவுளாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார் என்றுதான் குழந்தைவேலு நினைத்தான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து காலைப் பிடித்துக்கொண்டான்.

“ஆபீசருங்க! காலைல வண்டி கெளம்புதுங்க. இந்தப் பல்லு இன்னைக்கிப் போகலீன்னா என் பொழப்புப் போயிருமுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா புடுங்கிருவாங்க. டெல்லிக்கே தெரிஞ்ச ஆளுங்க நீங்க!”

ஆபீசர் பன்னை வாயில் வைத்தபடியே மயிலம்மாளைப் பார்த்தார். காலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

மயிலம்மாள் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“அவர எதுக்குண்ணா கும்படறீங்க, அவரு சேர்மனூட்டு மச்சினரு, ராசிபுரத்துல நெல்லு மில்லு வெச்சிருக்காரு, இன்னைக்கி நடந்தது ஒத்திகைங்கண்ணா, நெசமான ஆபீசருங்க நாளைக்கித்தான் வாராங்க, அதுமுட்டும் அந்தப் பல்லப் பத்தரமா வெச்சிருக்கச் சொல்லி மேனேஜரு சொல்லீட்டுப் போனாருங்க.”