இலை மடிக்கும் பக்கம்

பெர்னார்ட் சார் சாப்பிட்டு முடித்து, இலையை எதிர்ப்பக்கமாக மடித்தார்.

மூன்று வருடங்களாக அவர் அப்படித்தான் மடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் கார்த்திகேசு அதைக் கவனித்தது அன்றைக்குத்தான். கவனிக்க வைத்தவன் அவருடைய மைத்துனன் ரூபன். ஈப்போ ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள் செமினாரை முடித்துவிட்டு, கழுத்தில் தொங்கிய அட்டையைக்கூடக் கழற்றாமல் நேராகக் கடைக்கு வந்திருந்தான். செமினாரின் தலைப்பு, ‘வாடிக்கையாளரை வாழ்நாள் உறவாக்குவது எப்படி?’ ரூபனுக்கு முப்பத்து நான்கு வயது. இன்னும் பெண் அமையவில்லை.

"மாமா, பாத்தீங்களா?"

"என்னத்த?"

"அந்த இலையத்தான்லா. நம்ம பக்கம் மடிச்சா திருப்தி, மறுபடி வாரேன்னு அர்த்தம். அந்தப் பக்கம் மடிச்சா?"

"சாவு வீட்டுலதான் அப்படி மடிப்பாங்க."

"அதேதான். பெரியவரு தினமும் வந்து உங்க கடைக்குக் கருமாதி பண்ணிட்டுப் போறாரு."

கார்த்திகேசுவின் இலைச்சாப்பாட்டுக் கடை ஈப்போ நகரின் புந்தோங்கில், ஒரு பூக்கடைக்கும் ஒரு கிளினிக்குக்கும் நடுவில் இருந்தது. அதற்கு முன்பு அவர் ஆயர் தாவார் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் லாரி ஓட்டினார். லாரியை விட்டதும் கரண்டியைப் பிடித்தார். இரண்டையும் ஒரே மாதிரிதான் ஓட்டினார். அவர் மனைவி புனிதா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவள். அவள் பிரட்டும் மீகூன் சேமியாவுக்காகப் பிள்ளைகள் வரிசையில் அடித்துக்கொள்வார்கள். கடை அடுப்பை மனைவி தொடக்கூடாது என்பது கார்த்திகேசுவின் கொள்கை. கடைச் சோற்றைத் தான் தொடக்கூடாது என்பது புனிதாவின் கொள்கை. குடும்பம் சமாதானமாக நடந்துகொண்டிருந்தது.

கடைக்கு வருகிறவர்கள் தினமும் பதினேழு பேர். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். மழை கொட்டினாலும் வருவார்கள், காவடித் திருவிழாவுக்குச் சாலையை அடைத்தாலும் சுற்றிக்கொண்டு வருவார்கள். பதினெட்டாவது ஆளாக யாராவது வந்தால், அவர் அதற்குப் பிறகு வரமாட்டார்.

அந்தப் பதினேழு பேரை நம்பித்தான் கடை. இரண்டு தெரு தள்ளி, குளுகுளு வசதியோடு ஒரு புது இலைச்சாப்பாட்டுக் கடை ஒன்றாம் தேதி திறக்கப்போவதாகப் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். கார்த்திகேசு அந்தத் தெருவில் போவதையே நிறுத்தியிருந்தார்.

"பெர்னார்ட் சார் வேதக்காரருடா. அவருக்கு இந்த இலை சாஸ்திரமெல்லாம் தெரியாது" என்று சமாளித்துப் பார்த்தார்.

"நாளைக்கு எண்ணிருவோம்" என்றான் ரூபன்.

மறுநாள் எண்ணினான். எதிர்ப்பக்கம் மடித்தவை பதினேழு. நம் பக்கம் மடித்தவை சைபர். ஒவ்வொரு இலைக்குள்ளும் பாதிச் சோறு.

"அப்புறம் ஏன்டா தினமும் வாராங்க?"

"அதான் மாமா பயமா இருக்கு. காரணமே இல்லாம வாரவன், காரணமே இல்லாம போயிருவான். செமினார்ல சொன்னாங்க."

அப்போது பக்கத்துக் கிளினிக்கில் தாதியான மிஸ்ஸி சரளா வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். உதடு அசையத் தலைகளை எண்ணினாள். திருப்தியாகப் போய்விட்டாள்.

"யாரு மாமா இது?"

"பக்கத்துக் கிளினிக் மிஸ்ஸி. நல்ல புள்ள. மூணு வருஷமா இப்படித்தான், வந்து பாத்துட்டுப் போகும்."

"சாப்பிட்டிருக்கா?"

"ஒரு நாளும் இல்ல."

"ஸ்பை" என்றான் ரூபன். "புதுக் கடைக்கு ஆள் எண்ணிக் குடுக்குது."

அன்று மாலையே சுவரில் ஓர் அறிவிப்பு ஏறியது. ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே! இலையை உங்கள் பக்கம் மடித்து உங்கள் அன்பைக் காட்டுங்கள்.’ கீழே அம்புக்குறியோடு ஒரு படம்.

பெர்னார்ட் சார் முப்பத்தைந்து வருடம் ஆசிரியராக இருந்தவர். சுவரில் எழுதியதை மதிப்பவர். மறுநாள் சாப்பிட்டதும் அறிவிப்பை இரண்டு முறை படித்தார். பிறகு பாதிச் சோறு, சாம்பார், முட்டைக்கோஸ், தொடாத ரசம் எல்லாம் இருந்த இலையைத் தன் பக்கமாக இழுத்து மடித்தார். எல்லாமே அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் வந்து இறங்கின.

"அலாமாக்!" என்றார் பக்கத்து நாற்காலி அப்பாவு. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஆபத்து வருவது தெரிந்தும் பிரேக் போடாமல் தானும் மடித்தார்.

அன்றைக்கு ஐந்து பேர் அன்பைக் காட்டினார்கள். நல்லம்மாள் அக்கா காட்டிய அன்பில் அவருடைய மஞ்சள் சேலை வேறு நிறமானது.

அறிவிப்பு இறங்கியது. ரூபன் அட்டை அச்சடித்தான். நம் பக்கம் மடிக்கும் ஒவ்வோர் இலைக்கும் ஒரு யானை முத்திரை. பத்து யானை சேர்ந்தால் பதினோராவது சாப்பாடு இனாம்.

அப்பாவு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வாடியது.

"பதினொண்ணாவது சாப்பாட்டையும் நானேதான் சாப்பிடணுமா?"

"ஆமாண்ணே! இனாம்லா!"

"வேற ஆளுக்குக் குடுத்துறலாமா?"

‘பகிரும் குணம் அதிகம்’ என்று ரூபன் குறித்துக்கொண்டான்.

அட்டை வேலை செய்தது. ஆனால் அப்பாவு அதைவிட வேகமாக வேலை செய்தார். இலை போட்டதும், சோறு விழுவதற்கு முன்பே, வெறும் இலையைத் தன் பக்கமாக அழகாக மடித்தார்.

"மடிச்சாச்சு. யானையப் போடு."

"இன்னும் சாப்பிடவே இல்லையேண்ணே!"

"சாப்பிட்ட பிறகுன்னு அட்டையில எங்க போட்டிருக்கு?"

ரூபன் அட்டையைப் படித்தான். போடவில்லை. யானையைப் போட்டான். அப்பாவு இலையை விரித்துப் பாதி சாப்பிட்டு, எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார். மறுநாள் பதினேழு பேரும் வெறும் இலையை மடித்தார்கள். கடை ஏதோ யோகாசன வகுப்பு மாதிரி இருந்தது.

"நம்ம ஆளுங்களுக்கு அட்டையெல்லாம் ஒத்து வராது மாமா" என்றான் ரூபன். "பொன்னாடைதான்."

இந்த யோசனையைக் கார்த்திகேசு உடனே ஏற்றுக்கொண்டார். பேராக் மாநிலத்தில் பொன்னாடை வாங்காத தமிழர் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிலர் வீட்டில் நாற்காலிக்கு உறையே அதுதான். ஆனால், சோறு தின்றதற்காக யாருக்கும் இதுவரை போர்த்தியதில்லை.

சனிக்கிழமை மதியம், ஒலிபெருக்கி, மாலை, குத்துவிளக்கு எல்லாம் வந்தன. ‘விசுவாச வாடிக்கையாளர்’ விருது பெர்னார்ட் சாருக்கு. ரோஜா நிறப் பொன்னாடையில் அவர் சங்கடமாக நெளிந்தார். கார்த்திகேசு ஒலிவாங்கியை அவர் வாயருகே நீட்டினார்.

"சார், கூச்சப்படாம சொல்லுங்க. ஏன் நம்ம கடைக்கே தினமும் வாரீங்க?"

பெர்னார்ட் சார் பொய் சொல்லிப் பழகாதவர். கொஞ்சம் யோசித்தார்.

"இந்தச் சாப்பாடுதான் என் உயிரக் காப்பாத்துச்சு."

கைதட்டல் எழுந்தது.

"எனக்கும்தான்" என்றார் நல்லம்மாள் அக்கா, சேலையை மறந்து.

"எனக்குக் காலக் காப்பாத்துச்சு" என்றார் அப்பாவு.

"காலா?" என்றார் கார்த்திகேசு.

"உணர்ச்சிவசப்பட்டுட்டாரு மாமா, விடுங்க" என்று ரூபன் ஒலிவாங்கியைப் பிடுங்கினான். பிறகு பதினேழு பேரும் சாப்பிட்டு, எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டுப் போனார்கள்.

கார்த்திகேசு தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நேராக அடுப்படியில் நின்ற மனைவியிடம் வந்தார்.

"உயிரக் காப்பாத்துச்சாம் புனிதா. அப்படிப்பட்ட சனங்களுக்கு நான் என்ன செஞ்சேன்?"

"அதத்தான் நானும் மூணு வருஷமா கேக்குறேன்."

"புதுக் கடை திறக்கப் போறான். அவங்கள விட்டுட்டா எனக்கு வேற யாரு இருக்கா? பள்ளிக்கூடம் லீவுதானே… நீ வந்து சமைக்கிறியா?"

புனிதா கையிலிருந்த தட்டை மெல்லக் கீழே வைத்தாள். இந்த மனிதர் லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போதுகூட யாரிடமும் வழி கேட்டதில்லை.

"ஒரு கண்டிஷன்" என்றாள். "நான் சமைக்கிறப்ப நீங்க வாசல்ல நிக்கணும்."

மறுநாள் கடையிலிருந்து எழுந்த தாளிப்பு வாசனைக்குப் பூக்கடைக்காரி தொடுத்துக்கொண்டிருந்த மாலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, கோழிப் பெரட்டல், நெத்திலி சம்பால், சேமியா பாயசம். பதினேழு பேரும் வழக்கம்போல் உட்கார்ந்து, வழக்கமான முகத்தோடு முதல் கவளத்தை வாயில் வைத்தார்கள்.

பதினேழு கைகளும் உடனே அடுத்த கவளத்துக்குப் போயின.

பெர்னார்ட் சார் திருடனைப் போல் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னார்.

"கொஞ்சம்… சோறு?"

அப்பாவு மூன்று தடவை வாங்கினார். நல்லம்மாள் அக்கா பாயசத்தைக் குடித்துவிட்டு, இன்னொன்றை வீட்டுக்குத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிக் கைப்பைக்குள் மறைத்துக்கொண்டார். இலைகள் பதினேழும் நம் பக்கமாக மடிந்தன. மடியில் கொட்டுவதற்கு எந்த இலையிலும் ஒரு பருக்கை மிச்சமில்லை. ரூபன் ஒவ்வோர் இலையையும் படம் பிடித்து, செமினார் நடத்தியவருக்கு அனுப்பினான். அவர் ஒரு கட்டைவிரலை அனுப்பினார்.

ஒன்பது நாள் அப்படியே போனது. பெர்னார்ட் சார் உட்காரும்போதே பெல்ட்டைத் தளர்த்தப் பழகிக்கொண்டார். மிஸ்ஸி சரளா மட்டும் வாசலில் நின்று பார்த்தபோது சிரிக்கவில்லை. எண்ணவும் இல்லை. வந்தவர்களின் இலைகளையே முறைத்துவிட்டுப் போனாள்.

"ஸ்பைக்கு வயித்தெரிச்சல்" என்றான் ரூபன்.

பத்தாவது நாள் ஒன்றாம் தேதி. புதுக் கடைப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. மணி பன்னிரண்டரை. ஒருவரும் வரவில்லை. ஒரு மணி. பெர்னார்ட் சார் நாற்காலியில் ஈ உட்கார்ந்திருந்தது. புனிதா மூடி வைத்த பாயசத்தைத் திறந்து பார்த்து மறுபடி மூடினாள்.

"போயிட்டாங்களா?" கார்த்திகேசு வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். "இவ்வளவு செஞ்சும் போயிட்டாங்களா?"

ரூபன் அடையாளம் தெரியாமலிருக்க ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே புதுக் கடைக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வந்தான்.

"அங்கயும் இல்ல மாமா. ஒருத்தரும் இல்ல."

"பதினேழு பேரும் ஒரே நாளுல எங்கடா போவாங்க?"

அப்போதுதான் மிஸ்ஸி சரளா படியேறி வந்தாள். மூன்று வருடத்தில் முதன்முறையாக வாசலைத் தாண்டினாள். கையில் தடித்த கோப்பு. நேராகக் குழம்புப் பானையிடம் போய் மோந்து பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"நெனைச்சேன்."

"மிஸ்ஸி, எங்க ஆளுங்கள எங்கயாச்சும் பாத்தீங்களா?"

"பதினேழு பேரும் எங்க பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க. காலையில மாசச் செக்கப்புக்கு ரத்தம் எடுத்துப் பாத்தோம். டாக்டருக்குத் தல சுத்திருச்சு."

புனிதா கரண்டியோடு வெளியே வந்தாள். "என் சமையல்ல என்ன குறை?"

"உங்க சமையல்ல ஒரு குறையும் இல்லக்கா" என்ற சரளா, கார்த்திகேசுவின் பக்கம் திரும்பினாள். "இனிப்புநீர் வியாதிக்காரங்களால பாதிக்கு மேல சாப்பிட முடியாத ஒரே கடை இதுதான்னு மூணு வருஷமா டாக்டர் எல்லாரையும் இங்கதான் அனுப்புறாரு, இப்ப யாரக் கேட்டுண்ணே ருசியா சமைக்க ஆரம்பிச்சீங்க?"