அலமாரி மாலுமி

மாலுமிகளில் இரண்டு வகை உண்டு. தண்ணீரில் போகிறவர்கள் முதல் வகை. அவர்களால் யாருக்கும் தொந்தரவு கிடையாது, ஆகவே அவர்களை விட்டுவிடுவோம். இரண்டாவது வகை அலமாரி மாலுமி. இவர் வரவேற்பறையிலேயே பயணம் செய்பவர். ஏரிக்கரை ஊர்களில் கொசுவுக்கு அடுத்தபடி அதிகம் காணப்படுவது இந்த இனம்தான்.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது? காலையில் ஜன்னலைத் திறந்து ஏரியை ஒரு பார்வை பார்ப்பார். "இன்னிக்கு வெளியே போக முடியாது" என்பார். காற்றடித்தால் காற்று அடிக்கிறதாம். காற்றே இல்லையா? அதுதான் இன்னும் ஆபத்தாம்.

இத்தாலியின் ஏரிக்கரை ஊரான லோவெரெயில் இந்த இனத்தின் தலைவர் எவாரிஸ்தோ. ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு விசைப்படகு நிற்கிறது. அறுபதுகளில் பணக்காரர்களும் அவர்களுடைய கறுப்புக் கண்ணாடிகளும் ஏறித் திரிந்த மரப்படகின் அச்சு அசல் மாதிரி. மகாகனி மரத்தில் கையால் இழைத்து, பூச்சுக்கு மேல் பூச்சாக வார்னிஷ் ஏற்றி, சுண்டுவிரல் நகமளவு ஸ்டியரிங் வரை வைத்தது. முழங்கை நீளம்தான். ஆனால் அதைப் பார்க்கப் போகிறவர்கள் கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றியாக வேண்டும். ஆயுள் முழுக்க ஊரையே வாயைத் திறக்கச் சொன்ன மனிதர், இப்போது மூடச் சொல்கிறார். கண்ணாடியில் மூச்சுப் படிகிறதாம்!

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போனால் கதை இன்னும் மோசம். சாப்பாடு கசொன்செல்லி, உள்ளே இறைச்சி வைத்து மடித்த மாவுப் பண்டம். விருந்தாளிகள் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் கொதிநீரில் போட வேண்டும், நேரம் தப்பினால் வெடித்துக் கூழாகிவிடும். ஆட்கள் உட்கார்ந்ததைப் பார்த்து மனைவி ஓர்னெல்லா போடுவாள். போட்ட மறுவிநாடி எவாரிஸ்தோ எழுந்து, "ஒரு நிமிஷம், இதை மட்டும் பாத்துட்டு வந்துடுங்க" என்று எல்லோரையும் வரவேற்பறைக்கு ஓட்டிக்கொண்டு போவார்.

"டாக்டரே, வெடிக்குது!" என்று சமையலறையிலிருந்து ஓர்னெல்லாவின் குரல் வரும்.

"இருபது வயசுல இதே ரகப் படகை நான் ஓட்டியிருக்கேன்" என்று இங்கே கப்பல் கிளம்பிவிட்டிருக்கும்.

முதலில் சும்மா ஏரி நடுவிலுள்ள தீவைச் சுற்றி வந்த கதைதான். வருஷத்துக்கு வருஷம் அலை உயர்ந்தது. பிறகு பின்சீட்டில் ஒரு நடிகை ஏறினாள். போன கிறிஸ்துமஸில் அவள் பாட ஆரம்பித்துவிட்டாள். உண்மை தெரிந்தவள் ஓர்னெல்லா ஒருத்திதான். இருபது வயதில் அவர் படித்துறையில் ஐஸ்கிரீமோடு நின்று அந்தப் படகு போவதை வாய் பிளந்து பார்த்தார், அவ்வளவுதான். தீவுக்குப் போகும் பயணிகள் படகில் ஏறினாலே அவருக்குக் குமட்டும். தெரிந்தும் அவள் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் துடைப்பதுபோல அதுவும் அவளுக்கு ஒரு வீட்டு வேலை.

அப்படியிருக்க, ஜூலையில் ஒரு விருந்துக்கு கிளேலியா வந்தாள். ஊருக்குப் புதியவள், கணவனை இழந்தவள். நடிகையின் பாட்டுவரை கேட்டுவிட்டு அவள் கையைத் தட்டினாள்.

"டாக்டர், உங்களைத்தான் தேடிட்டிருந்தேன்! என் வீட்டுக்காரர் விட்டுட்டுப் போனது இதே ரகப் படகுதான், நிஜப் படகு. ஆகஸ்ட் திருவிழா படகு ஊர்வலத்துல நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

எவாரிஸ்தோ பெட்டிக்குள் நின்ற படகைவிடச் சிறியவராகிப் போனார். "ஓட்டலாம்தான்... இந்த முதுகு இருக்கே..."

சமையலறை வாசலில், கூழாகிப்போன கசொன்செல்லிப் பாத்திரத்தோடு ஓர்னெல்லா நின்றிருந்தாள். "முதுகுக்கு என்ன? போன வாரம் ஃபிரிட்ஜையே தனியா நகர்த்தினாரே!"

இத்தனை வருஷ கசொன்செல்லியும் ஒரே வாக்கியத்தில் பழி தீர்த்துக்கொண்டது.

திருவிழா வந்தது. வெள்ளை பேன்ட், காப்டன் தொப்பி, முகம் தெரிகிற பளபளப்பில் தோல் ஷூ. படித்துறையில் அவரிடம் பல் பிடுங்கிக்கொள்ளாத ஆளே இல்லை. இன்று தோற்றால் நாளை காபிக் கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது. எவாரிஸ்தோ நெஞ்சை நிமிர்த்தி, வார்னிஷ் மின்னும் மேல்தளத்தில் காலை வைத்தார்.

"ஐயோ, டாக்டரே! ஷூ!" என்று படித்துறையே அலறியது.

மரப்படகில் சொந்தக்காரனே வெறுங்காலோடுதான் ஏறுவான். இந்தக் கரையில் தவழும் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அவருக்கும் படகின் ஒவ்வொரு திருகாணியும் தெரியும். ஆனால் முழங்கை நீளப் படகில் யார் ஏறப்போகிறார்கள்? காலைப் பற்றி யோசிக்க அவருக்கு அவசியமே வரவில்லை. மகாகனியில் நீளமாக ஒரு கறுப்புக் கோடு.

கிளேலியா கோட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நீங்க இதுல ஏறினதே இல்ல, இல்லையா?"

"இல்ல." வாழ்க்கையிலேயே அவர் சொன்ன மிகச் சின்னப் படகுக் கதை அதுதான்.

"சரி, இப்ப ஏறுங்க. ஷூவைக் கழட்டிட்டு. நானே ஓட்டறேன்."

"வாந்தி வந்தா?"

"தண்ணி பக்கமா எடுங்க. வார்னிஷ் பக்கம் வேணாம்."

ஓர்னெல்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஷூவை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "போயிட்டு வாங்க" என்றாள். இந்தத் தடவை அதில் கேலி இல்லை.

படகு தீவைச் சுற்றித் திரும்பியபோது தொப்பி ஏரியில் போயிருந்தது. முகம் பச்சை. தலையெல்லாம் ஈரம். இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, ஐஸ்கிரீம் காலத்துப் பையனைப்போல சிரித்துக்கொண்டிருந்தார்.

"நடிகை பாடினாளா?" என்றாள் ஓர்னெல்லா.

"இல்ல. கத்தினது நான்தான்."

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இப்போது படகு பெட்டிக்கு வெளியே நிற்கிறது. யார் வேண்டுமானாலும் தொடலாம். பெட்டிக்குள் இருப்பது அந்த ஷூ. மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கசொன்செல்லி இன்றும் வெடிக்கிறது.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அப்படியே உங்கள் டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாயிற்றா என்று பாருங்கள். விருந்தாளிகளுக்கென்று வாங்கிய பீங்கான் கோப்பைகளில் எந்த விருந்தாளியாவது காபி குடித்ததுண்டா? ஷோகேஸ் கதவில் கை வைத்த குழந்தையிடம் கடைசியாக என்ன சொன்னீர்கள்?