கட்டில் அலுங்காத மார்கழி

இனி போஸ்ட் மாஸ்டர் தொண்டையில் எங்கள் வீட்டுத் தயிர் கெட்டியாக இறங்கக் கூடாது. ஒரு நாள் காலையில் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டே இந்த உறுதியை எடுத்தேன். வெள்ளைக்காரனை எதிர்த்து ஊரே உறுதி எடுத்துக்கொண்டிருந்த காலம். நான் தயிரை எதிர்த்து எடுத்தேன்.

நாமகிரிப்பேட்டையில் எங்களுக்குக் கொஞ்சம் மஞ்சள் காடு, ஓர் எருமை. என் மனைவி அங்கம்மாள் உறை ஊற்றும் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் யோசித்துத்தான் கீழே விழும். அடுத்த வீட்டுக்குக் குடிவந்த போஸ்ட் மாஸ்டர் பாலசுந்தரம் சித்தூர்ப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு. தமிழைப் புத்தகத்தில் படித்தவர்; பேசுவதும் அப்படியே. அவர் சம்சாரம் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அதனால் தினமும் காலையில் தயிர்ச் சட்டி வாங்க எங்கள் வாசலில் நிற்பார்.

முதல் நாளே வினை தொடங்கியது.

"அலுங்காம கொண்டு போங்க சாமி," என்றாள் அங்கம்மாள்.

"அலுங்காமல் என்றால் என்ன பொருள், அம்மா?"

"ஆடாமங்க."

"ஆடாமல் எப்படி நடப்பது?"

"நீங்க ஆடலாமுங்க. உங்க கையும் ஆடலாம். உள்ள உறைஞ்சது கலையாம இருக்கோணும், அவ்வளவுதான். அடையில உக்காந்த கோழி, தொட்டில்ல தூங்கற கொழந்த, எல்லாத்துக்கும் அந்தச் சொல்லுதானுங்க."

"மனமும் அலுங்குமா, அம்மா?"

"அலுங்காம இருக்குமுங்களா? சத்தம்தான் கேக்காது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அங்கம்மாள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று அது காய்ச்சிய எண்ணெயாக இறங்கியது.

கடலைப் பொட்டலக் காகிதத்தைப் பார்த்தே எழுத்துக் கற்றவன் நான். ஒரு சொல்லுக்கு அர்த்தம் வேண்டுமென்றால் என்னைக் கேட்கலாமே. பக்கத்தில் தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தேனே. அவர் 'அம்மா' என்றுதான் கூப்பிட்டார். அதுவும் எனக்குச் சமாதானமாக இல்லை. என்னிடம் அவள் பேசுவதெல்லாம், "எருமைக்குச் சோளத்தட்டு போட்டீங்களா?" மனசு அலுங்கும் சங்கதியெல்லாம் அடுத்த வீட்டுக்கு.

விளக்கு வைத்ததும் உறை ஊற்றிச் சட்டியை உறியில் தூக்கி வைப்பாள். பிறகு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போவாள். அந்த இடைவெளியில் நான் உறிக்குக் கீழே போய் நின்றேன். சட்டியை இரண்டு கையாலும் பிடித்து, பொறாமை தீர அலுக்கினேன்.

மறுநாள் என் வட்டிலில் தயிர் ஆறாக ஓடியது. சோறு அக்கரையில் நின்றது.

"குளுரு காலமுங்க, உறைய மாட்டேங்குது," என்றாள்.

"உனக்கே உறையலையா?" என்றேன்.

"எல்லா நாளும் ஒண்ணாட்டவா இருக்குமுங்க?"

குடித்தேன். அமிர்தமாக இருந்தது. அடுத்த வீட்டிலும் இதே ஆறு ஓடும் அல்லவா? மார்கழி முழுவதும் தினமும் அலுக்கினேன், தினமும் குடித்தேன். தடுமம் பிடித்தது. மூக்கு ஒழுகியது. விடவில்லை. போஸ்ட் மாஸ்டர் வரும் நேரத்தில் நான் காட்டில் இருப்பேன். அந்த முகம் வாடுவதைப் பார்க்க முடியவில்லை என்பது ஒன்றுதான் குறை.

கோபமும் போகவில்லை. முன்பெல்லாம் இராத்திரி கட்டில் முறியும்படி புரளுகிறவன், இப்போது சுவரைப் பார்த்துப் படுத்தேன். புரண்டால் சமாதானத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாளே. விடியும்வரை விறைத்துக் கிடந்தேன்.

தை பிறந்ததும் ஒரு கார்டு வாங்கத் தபாலாபீஸ் போனேன். போஸ்ட் மாஸ்டர் எழுந்து நின்று கும்பிட்டார். ஒரு சுற்றுப் பெருத்திருந்தார்.

"உங்கள் வீட்டுத் தயிரைக் கத்தியால் அறுத்தல்லவா உண்கிறேன். இம்மாதம் முழுவதும் ஒரு நாளும் சற்றும் அலுங்கவில்லை. சரியாகச் சொன்னேனா?"

சரியாகத்தான் சொன்னார். கார்டு வாங்காமலே வீட்டுக்கு நடந்தேன்.

"ஏம்புள்ள, போஸ்ட் மாஸ்டருக்கு எந்தத் தயிரு ஊத்தறே?"

அவள் மஞ்சள் பரப்பிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நல்ல தயிருங்க."

"அப்ப உறியில இருக்கறது?"

"அது உங்க சட்டி. மொத நாளு எருமைக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன், உறி ஆடிட்டிருக்குது. காத்துமில்ல, பூனையுமில்ல. நீங்க மட்டும் சாமி படத்தப் பாத்துட்டு நின்னீங்க. சரி, மிச்சமிருந்த பாலுல அவிய ஊட்டுத் தயிரைத் தனியா வெச்சுக்கலாம்னு உட்டுட்டேன்."

"எங்க வெச்சே?"

"நீங்க படுத்தப்பொறம், உங்க கட்டிலுக்கடியில. மேல கூடையக் கவுத்துட்டு."

"நான் பொரண்டு படுத்திருந்தா என்னாயிருக்கும்?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். அதே சிரிப்பு. இந்தத் தடவை எனக்கே எனக்கு.

"நீங்க எங்க பொரண்டீங்க? இந்த ஊட்டுல அலுங்காத எடம் அது ஒண்ணுதானுங்க. அவரு சம்சாரம் வார வரைக்கும் இப்படியே கோவிச்சுட்டு இருங்க சாமி, தயிரு நல்லா உறையுது."