சுகமாக இருந்ததால் வந்த வினை

மரியாதை எனக்கு ஒரு வியாதி. யாராவது எதிரே வந்தால் கை தானாகக் கும்பிடும். நலம் கேட்டால் வாய் தானாகச் "சுகம்" என்று சொல்லும். இந்த வியாதியால் என் பென்ஷன் ஒருமுறை போயிற்று, மறுமுறையும் போகப் பார்த்தது.

கொல்லம் ரயில் ஓடத் தொடங்கிய புதிது. நான் தாலுகா கச்சேரியில் நகல் எழுதும் குமாஸ்தா. கலெக்டர் முகாமுக்குத் தஸ்தாவேஜு மூட்டைகள் ஏற்றிப்போன மாட்டுவண்டி கல்லிடைக்குறிச்சி அருகே குடைசாய்ந்தது. மூட்டைகளுக்கு அடியில் நான். வலது தோள் கழன்றுவிட்டது. வைத்தியர் பூட்டிவிட்டார். ஆனாலும் கையை மார்புக்கு மேலே தூக்கினால் மறுபடி கழன்றது. பத்து வரி எழுதினால் விரல் மரத்தது. வேலை செய்ய இயலாதவனுக்கான பென்ஷன் கேட்டு மனுப் போட்டேன். வீட்டில் மனைவி சிவகாமி, இரண்டு பெண்குழந்தைகள். வேறு வருமானம் கிடையாது.

பரிசோதித்த வெள்ளைக்கார டாக்டர் தமிழிலேயே அன்பாகக் கேட்டார்: "எப்படி இருக்கிறீர்?"

"துரை புண்ணியத்துல சுகமா இருக்கேன்" என்றேன். (வேறென்ன சொல்வதாம்? முதல் கேள்விக்கே அழுது வைப்பது அழகா?) அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மனு தள்ளுபடி.

பாளையங்கோட்டை வேதமுத்து வக்கீலிடம் ஓடினேன். கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன் வே, கை கழண்டு கெடக்கு, சுகமா இருக்கேன்னு சொன்னீராக்கும்? அப்பீல்ல கலெக்டர் முன்னால நீரு வாயே தொறக்கப்படாது. நான் பேசிக்கிடுதேன்."

விசாரணை அம்பாசமுத்திரத்தில், கலெக்டர் முகாமிட்டிருந்த சாலையோரக் கூடாரத்தில். வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். "இவர் வலது கை மார்புக்கு மேலே எழும்பாது, துரை" என்று வக்கீல் முடிக்கவும் சாலையில் நாகசுரம் கேட்கவும் சரியாக இருந்தது. அம்மன் சப்பரம்! சேவகர்கள் அத்தனை பேரும் தலைக்கு மேலே கை குவித்தார்கள். (வக்கீல் கிறிஸ்தவர், அன்று சப்பரம் வரும் என்பது அவர் கணக்கில் இல்லை.) அம்மனை ஒற்றைக் கையாலா கும்பிடுவது? இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, உச்சந்தலைக்கு மேலே இரண்டையும் சேர்த்துவிட்டேன்.

கலெக்டர் துரை என்னைப் பார்த்தார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

சப்பரம் கடந்தது. எல்லாரும் கையை இறக்கினார்கள். என் கை மட்டும் இறங்கவில்லை.

"கைய எறக்கும் வே!" வக்கீல் பல்லைக் கடித்தார்.

"எறங்க மாட்டேங்குதே, ஐயா!"

வலியில் கண்ணீர் வழிந்தது. அதைவிட, சிவகாமி முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயம். இரண்டு சேவகர்கள் பிடித்து இழுத்தும் அம்மன் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டபடியே நின்றேன். துரையே எழுந்து வந்து, இடம் மாறிய எலும்பைத் தொட்டுப் பார்த்தார். முகாமில் இருந்த டாக்டருக்கு ஆள் போயிற்று. வந்தவர் அதே டாக்டர்! தோளைப் பூட்டினார். இம்முறை எப்படி இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

பென்ஷன் உத்தரவைக் கொண்டுவந்த சேவகர் வாசலில் நின்று, "சௌக்கியமா, பிள்ளைவாள்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சிவகாமி உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"அவுகளுக்கு ஒரு சுகமும் இல்ல! காயிதத்தக் குடும்!"

முப்பது வருஷம் ஆகிறது. இன்றும் யார் நலம் விசாரித்தாலும் மகள்கள், மாப்பிள்ளைகள் எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் வாயையே பார்க்கிறார்கள். பதில் சிவகாமிதான் சொல்வாள். சுகமாக இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வீட்டில் அனுமதி கிடையாது.